காலண்டர் கொடுத்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

காவிரியில் தண்ணீர் ஏறுவதைப் பரிசல்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டுக்கு நிதி கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி நாளான நேற்று, மாலை நான்கரை மணிக்கு ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தது. இந்தப் பத்து நாள் பட்ட பாடு ஒகேனக்கல்லிலும் ஊட்டமலையிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிதி கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அதுவரை நன்றியைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

மீன் வறுத்து விற்கும் அக்கா ஒருவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார்.

நீர்வரத்து கூடிப் பரிசல் நின்ற நாட்கள் எத்தனை, அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று விண்ணப்பத்தில் ஆதாரத்தோடு கேட்டிருந்தார்கள். 2018, 2019, 2022, 2024 என்று விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டிய வருஷங்கள் யாருக்கும் மறக்காது. ஆனால் திடீரென ஏறி, இரண்டு நாள் துறையை மூடவைத்து, சத்தமில்லாமல் வடிந்த தண்ணீரை யார் எழுதி வைத்தார்கள்?

அக்கா வைத்திருந்தார். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் காலையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அவர் மீன் எடுப்பார். பரிசல் ஓடாத நாளில் கூட்டம் வராது, எடுத்த மீன் வீணாகும். அதனால் சுவர்க் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே '8', '14', '22 பரிசல் இல்லை' என்று ஆயிரம் கன அடிக் கணக்கில் குறித்து வந்திருக்கிறார். டீக்கடையில் நாங்கள் புலம்பியது காதில் விழுந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழு வருஷக் காலண்டரையும் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். "இது ஆவுமா பாரு தம்பி" என்றார். தாளெல்லாம் மசாலாக் கறை. எனக்குப் பேச்சே வரவில்லை.

விடிய விடிய அவர் படிக்க, நாங்கள் கணினியில் ஏற்றினோம். மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. அந்த நாள் வருமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கோபித்துக்கொள்கிறார்.

கங்கையில் ஹால்டியாவிலிருந்து பராக்கா வரை கப்பல்களுக்கு ஆற்றுத் தகவல் அமைப்பு 2016இலேயே வந்துவிட்டது. மூங்கில் பரிசலில் போகிறவனுக்கும் அந்தத் தகவல் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறோம். துறையில் ஓர் அளவுகோல், எண் காட்டும் பலகை, ஒலிபெருக்கி, போனுக்குக் குறுஞ்செய்தி. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிட்ட தண்ணீர் வருவது, ஐந்தருவிப் பக்கம் துடுப்புப் போடுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

பென்னாகரத்தில் இரவு பத்தரை வரை கடையைத் திறந்து வைத்த ஜெராக்ஸ்காரர், ஆங்கிலப் பக்கங்களைச் சரிபார்த்த தருமபுரி கல்லூரிப் பிள்ளைகள், வரவு செலவைத் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற வாத்தியார், தூங்குகிற நேரத்தில் எழுப்பியும் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்ட பரிசல்காரர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

நிதி வந்தாலும் வராவிட்டாலும் இனி மாமரத்துக்கடவுத் துறையில் ஒரு நோட்டு இருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு நீர்வரத்தை எழுதுவோம், ஒரு நாளும் விடமாட்டோம். முதல் வரியை அக்காதான் எழுத வேண்டும் என்று கேட்டோம். நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒகேனக்கல் பரிசல்காரர்களில் ஒருவன்