இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறோம்: எங்கள் விருந்தினர்களுக்கு ஒரு மடல்

மதுரை

அன்புள்ள விருந்தினர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாடு கிடையாது. காலை டிபன் வழக்கம்போல ஏழு மணி முதல் பத்து மணி வரை உண்டு. காபியும் தேநீரும் எப்போது கேட்டாலும் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்காக அறை வாடகையோடு சேர்த்து வாங்கிவந்த தொகையைக் கழித்து வாடகையைக் குறைத்திருக்கிறோம். முன்பே பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு அறையைக் காலி செய்யும்போது அந்தத் தொகை திருப்பித் தரப்படும்.

காரணத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? எங்களிடம் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் கணவனும் மனைவியுமாக வருகிறார்கள், அல்லது மூன்று நான்கு நண்பர்களாக வருகிறார்கள். பகலெல்லாம் கோயிலும் நாயக்கர் மகாலும் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பணம் கட்டியாயிற்றே என்று எட்டு மணிக்கு அவசரமாகத் திரும்புகிறார்கள். நாங்கள் போடுகிற சப்பாத்தியும் குருமாவும் அவரவர் வீட்டிலேயே கிடைக்கும். மாசி வீதிகளில் தோசைக்கல் சூடேறுவதோ அந்த நேரத்தில்தான். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு வந்தவர்களை இப்படிச் சீக்கிரமே உள்ளே அடைத்துவைப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தோம்.

ஆகவே வெளியே போய்ச் சாப்பிடுங்கள். பெயர்பெற்ற கடைகளின் பட்டியல் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. சிம்மக்கல் கோனார் மெஸ்ஸின் கறி தோசையைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அதையும் சாப்பிடுங்கள். ஆனால் ஓர் இரவையாவது நீங்கள் கேள்விப்படாத ஒரு புதிய கடைக்குக் கொடுங்கள். அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் சாலைப் பக்கம் புதிய உணவகங்கள் திறந்தபடியே இருக்கின்றன. பழைய மெஸ்ஸில் சமைத்துக் கைதேர்ந்த மாஸ்டர் தனியாகக் கடை போட்டிருப்பார். வீட்டில் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நாலு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். கல்லாவில் இருப்பவரே எழுந்து வந்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கும் பருவம் அது. அந்தக் கவனிப்பு கடை பெரிதான பிறகு கிடைக்காது.

திறந்து சில நாட்களே ஆன கடைக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு போகாதீர்கள். சப்ளையர்கள் இன்னும் பழகியிருக்க மாட்டார்கள், அடுப்படியும் திணறும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டால் சூடாகவும் நிதானமாகவும் சாப்பிடலாம். கடையைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. பட்டியல் அட்டை எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். நூறு பண்டம் எழுதியிருக்கிற புதிய கடையை விட, பத்துப் பண்டத்தை மட்டும் எழுதி அதில் இரண்டு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற கடையை நம்புவோம். தீர்ந்துவிட்டது என்றால் இன்றைக்குச் சமைத்தது என்று பொருள். இணையத்தில் போட்டிருக்கிற நட்சத்திரங்களை விட, கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்டவர்கள் எடுத்துப் போட்ட படங்கள் பயனுள்ளவை. இலையில் விழுகிற அளவு அதில் தெரிந்துவிடும்.

இரண்டு பேர் மட்டும் போகும்போதுதான் யோசித்துச் சொல்ல வேண்டும். கறி தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். தடிமனாக ஊற்றிய மாவின்மேல் முட்டை, அதன்மேல் வெந்த கொத்துக்கறி, பிறகு திருப்பிப் போட்டுச் சுட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டாலே ஒருவருக்கு வயிறு நிறைந்துவிடும். ஆளுக்கொன்று சொன்னால் அத்தோடு இரவு முடிந்தது. ஒன்றைச் சொல்லிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கூடவே சால்னாவோடு பன் பரோட்டா ஒன்று. அதற்கு மேல் அந்தக் கடையில் எதுவும் வேண்டாம். எழுந்து நடந்து இன்னொரு கடைக்குப் போங்கள். ஒரே கடையில் முழுச் சாப்பாட்டையும் முடித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு கடை, மூன்று கடை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் இந்த ஊருக்குப் பொருத்தமான முறை. கடைசியாக ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடிக்க வயிற்றில் இடம் இருக்க வேண்டும். பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அதைப் பாதி குடித்துவிட்டு வைப்பது பெரிய இழப்பு.

பங்கிட்டுச் சாப்பிடுவதில் எச்சில் பற்றிய தயக்கம் பலருக்கு உண்டு, குறிப்பாகப் புதிதாகத் திருமணமாகி மாமனார் மாமியாரோடு வருகிறவர்களுக்கும், அலுவலக நண்பர்களோடு வருகிறவர்களுக்கும். அதற்கு எளிய வழி இருக்கிறது. உட்கார்ந்ததுமே ஒரு காலி இலையும் ஒரு கரண்டியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பண்டம் வந்ததும், யாரும் கை வைப்பதற்கு முன்பே பிரித்துப் போட்டுவிடுங்கள். எந்தக் கடையிலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நாலு பேர் என்றால் மதுரைச் சமையலை ஓரளவு முழுமையாகவே பார்த்துவிடலாம். நாலு பேரும் நாலு பிரியாணி சொன்னால் ஒரு கடையின் ஒரே ஒரு பண்டம்தான் தெரியும். ஒருவர் சோறும் அயிரை மீன் குழம்பும், ஒருவர் பரோட்டாவும் மட்டன் சுக்காவும், ஒருவர் இட்லியும் குடல் குழம்பும், இன்னொருவர் கோலா உருண்டையோடு தோசை என்று சொல்லி நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அயிரை எல்லா நாளும் கிடைக்காது. சின்னஞ்சிறு நன்னீர் மீன். வயிற்றில் உள்ள மண்ணைக் கக்குவதற்காக உயிரோடு பாலில் விட்டு, பிறகுதான் சமைப்பார்கள். கிடைக்கிற அன்று விலை பார்க்காமல் சொல்லுங்கள் என்பது எங்கள் தாழ்மையான பரிந்துரை. இவ்வளவையும் யார் தேர்ந்தெடுப்பது என்று மேசையில் உட்கார்ந்து கால்மணி நேரம் பேசாமல், ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிடுங்கள். அடுத்த இரவு இன்னொருவர்.

இருவரில் ஒருவர் சைவமாக இருப்பது எங்கள் விருந்தினர்களிடையே சகஜம். அப்படியிருந்தால் தயவுசெய்து அசைவ மெஸ்ஸுக்குப் போய், சைவக்காரரை ரசமும் மோருமாகச் சாப்பிட்டு எழ வைக்காதீர்கள். மாலையிலேயே கிளம்பி, சௌராஷ்டிரக் குடும்பங்கள் வாழும் தெருக்களில் முள்ளு முருங்கை வடை போடுகிற கடைகளைத் தேடுங்கள். கீரையை அரிசியோடு அரைத்து, பச்சை நிறத்தில் பொரித்து, மேலே பொடி தூவித் தருவார்கள். கூடவே சுக்கும் வெல்லமும் மணக்கும் பருத்திப்பால். இவை இருவருக்கும் பொது. பிறகு இரண்டும் சமைக்கிற கடையைத் தேர்ந்தெடுத்து, கல்லும் எண்ணெய்ச் சட்டியும் தனித்தனியா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

பில் வந்ததும் ஒருமுறை பாருங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த நெறிமுறைகளை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்ன பிறகும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்கு உங்கள் மனத்துக்குத் தோன்றியதைக் கையில் கொடுங்கள், அது வேறு விஷயம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. புதிய கடையில் இது இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னொன்று, நண்பர்களாக வருகிற இளைஞர்களுக்கு. ஷவர்மா, மந்தி போடுகிற புதிய கடைகளில் மயோனைஸ் கேட்டு வாங்கிப் பூசிக்கொள்கிறீர்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்தது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி பெருகும் ஆபத்துதான் அதற்குக் காரணம், அந்த ஆபத்துக்குக் காலக்கெடு கிடையாது. முட்டை சேர்க்காததா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அது இல்லாமலே சாப்பிடுங்கள். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் வயிறு கெட்டால் பயணமே கெட்டுப்போகும்.

வரவேற்பு மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிட்டு வந்தவர்கள் கடையின் பெயர், தெரு, என்ன சாப்பிட்டார்கள், இரண்டு பேருக்கு எவ்வளவு ஆயிற்று என்று எழுதிவைக்க வேண்டுகிறோம். பிடிக்கவில்லை என்றாலும் எழுதலாம். ஆனால் புதிய கடை என்றால், எது பிடிக்கவில்லை என்று குறிப்பாக எழுதுங்கள். "மோசம்" என்ற ஒரு சொல் அடுத்தவருக்கு உதவாது, "சால்னாவில் உப்பு அதிகம், பரோட்டா அருமை" என்பது உதவும். எந்தக் கடையிடமும் நாங்கள் தரகு வாங்குவதில்லை, இனியும் வாங்கப்போவதில்லை. அதனால் அந்த நோட்டில் இருப்பது சாப்பிட்டவர்களின் சொல் மட்டுமே.

வாசல் கதவு இரவு ஒரு மணி வரை திறந்திருக்கும். காவலர் அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். பெண்கள் மட்டுமாக வெளியே போகிறவர்கள் சொன்னால், எங்களுக்குப் பழக்கமான ஆட்டோக்காரரை அனுப்பித் திரும்ப அழைத்துவர ஏற்பாடு செய்கிறோம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் முதியவர்களுக்கும் இரவில் இட்லியோ கஞ்சியோ வேண்டுமென்றால், மாலை ஐந்து மணிக்குள் சொன்னால் போதும், செய்து தருவோம். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டி போகாது, கடைகளில் உட்கார இடமும் கிடைக்காது. அந்த நாட்களுக்குப் பதிவு செய்திருப்பவர்கள் வருவதற்கு முன்பே எங்களைத் தொலைபேசியில் அழைத்தால், வைகைக்கு வடகரையில் உள்ள கடைகளில் இடம் சொல்லிவைக்கிறோம்.

அன்புடன்,
விடுதி நிர்வாகத்தினரும் பணியாளர்களும்