எது அறுந்திருக்கிறது என்று ஆப் சொல்லட்டும்

எங்கள் நிறுவனத்தின் ஐடி பிரிவு நண்பர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் லிஃப்ட் சர்வீஸ் சூப்பர்வைசர். என் பொறுப்பில் 11 டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். வேலை ரிப்போர்ட்டைப் போனிலேயே நிரப்பி அனுப்பும் சர்வீஸ் ஆப் வந்ததிலிருந்து அது நின்றுபோனால் பையன்கள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். மெயிலில் இரண்டு முறை எழுதிவிட்டேன். ஏசி, ஜெனரேட்டர் பார்க்கிற மற்ற கம்பெனி நண்பர்களும் இதே கஷ்டத்தைச் சொல்வதால், இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன மழையில் வேளச்சேரிப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில், அதாவது பிட்டில், தண்ணீர் இறங்கிவிட்டது. எங்கள் பையன் ஒருவன் மூன்று மணி நேரம் தண்ணீரை இறைத்து, பிட் சுவிட்சைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து முடிக்கும்போது இரவு எட்டு மணி. அங்கேயே நின்று ஆப்பில் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் போட்டு, ஆறு போட்டோ எடுத்து, அசோசியேஷன் செயலாளரைக் கூப்பிட்டு வந்து திரையில் கையெழுத்தும் வாங்கினான். சப்மிட்டை அழுத்தினால், "சர்வருடன் இணைக்க முடியவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்." போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே படியேறித் தெருவுக்கு வந்தான். சிக்னல் வந்தது. ஆனால் ஃபார்ம் மொத்தமும் காலி. திரும்பக் கீழே இறங்கி, கிரீஸ் கையைப் பேண்டில் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினான். அதற்குள் செயலாளர் கதவைச் சாத்திவிட்டார். கையெழுத்து இல்லாமல் ஜாப் முடியாது, ஜாப் முடியாமல் செக்-அவுட், அதாவது அன்றைய வேலை முடிந்ததற்கான பதிவு, ஆகாது. அந்த மாதச் சம்பளத்தில் அவனுக்கு அரை நாள் பிடித்திருந்தார்கள்.

சுற்றிலும் கான்கிரீட், நடுவில் இரும்பு. லிஃப்ட் பிட்டில் சிக்னல் எடுக்காது, இனியும் எடுக்கப்போவதில்லை. எங்கள் வேலையே அங்கேதான். வாட்ஸ்அப்பில் சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு செய்தி போட்டால் பக்கத்தில் சின்னக் கடிகாரக் குறியோடு காத்திருக்கும், வெளியே வந்ததும் தானாகப் போய்விடும். எங்கள் ரிப்போர்ட்டும் அப்படிப் போனிலேயே காத்திருக்க வேண்டும். போனில் நேரத்தை மாற்றி ஏமாற்றிவிடுவார்கள் என்று ஒரு மீட்டிங்கில் சொன்னீர்கள். தேதியை மாற்றலாம், சரி. ஆனால் போன் ஆன் ஆனதிலிருந்து எத்தனை நேரம் ஓடியிருக்கிறது என்று ஆண்ட்ராய்டு உள்ளே தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் தேதியை மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. சப்மிட் அழுத்தியபோதும் பிறகு சர்வரைத் தொட்டபோதும் அதைக் குறித்துக்கொண்டால், நடுவில் போனை அணைக்காதவரை, இடையில் எவ்வளவு நேரம் போனது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, "சர்வருடன் இணைக்க முடியவில்லை" என்ற அந்த ஒற்றை வரிச் செய்தி. ஒரு திங்கட்கிழமை காலை என் பதினொரு பேருக்கும் ஆப் இணையவில்லை. ஹெல்ப்டெஸ்க் சொன்னது வழக்கமான பதில்தான்: அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். நான்கு பேர் சொன்னபடி செய்தார்கள். புதிதாகப் போட்ட ஆப்பில் லாகின் ஆகவே சர்வர் வேண்டும் என்பதால், அவர்களால் உள்ளேயே போக முடியவில்லை. மற்ற ஏழு பேர் ஆப்பில் முந்தின நாள் இறங்கியிருந்த வேலைப் பட்டியலை வைத்தாவது சைட்டுக்குப் போனார்கள். இந்த நான்கு பேருக்கும் முகவரிகளை நான் போனில் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.

ஒன்பதரை மணிக்குச் சந்தேகம் வந்து, சர்வர் முகவரியை போன் பிரவுசரில் திறந்து பார்த்தேன். சிவப்பு எச்சரிக்கை. இது உண்மையான சர்வர்தான் என்று போனுக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் முந்தின நள்ளிரவோடு காலாவதி. எங்கள் போன்களில் எந்தக் கோளாறும் இல்லை.

இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 6-ல் எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 வாடிக்கையாளர்களுக்கு மொபைல் டேட்டா கிடைக்காமல் போனது. 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் இதே காரணத்தால் சில மணி நேரம் நின்றது. அதனால் ஒருமுறை தவறியதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாளாகக் குறையப்போகிறது. இன்னமும் யாரோ ஒருவர் காலண்டரைப் பார்த்துப் புதுப்பிக்கிறார் என்றால், அந்தத் திங்கட்கிழமை திரும்பத் திரும்ப வரும். தானாகப் புதுப்பிக்கும்படி இப்போதே மாற்றிவிடுங்கள்.

பையன்கள் கூப்பிட்டால் நான் கேட்பது இவ்வளவுதான். பிரவுசரில் வேறு தளம் ஏதாவது திறக்கிறதா? அபார்ட்மென்ட் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கிறாயா? (வைஃபைக் குறி முழுசாக இருக்கும், பின்னால் நெட்டே இருக்காது. பாதி நேரம் இதுதான்.) தேதி சரியா? ஒருவன் போன் பேட்டரி முழுக்கத் தீர்ந்து, ஆன் ஆனபோது பழைய வருடத்துக்குப் போய்விட்டது. தேதி தப்பானால் நல்ல சான்றிதழையும் போன் நம்பாது. விளம்பரத்தைத் தடுக்க யாராவது பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவையை மாற்றும் செட்டிங்) போட்டுக் கொடுத்தார்களா? எல்லாம் சரி என்றால், சர்வர் என்ன எண் திருப்பி அனுப்புகிறது? 401 என்றால் திரும்ப லாகின் செய்தால் போதும். 503 என்றால் சர்வர் இருக்கிறது, இப்போதைக்கு வேலை செய்ய முடியாத நிலையில் இருக்கிறது. அப்போது டெக்னீஷியன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருந்தால் போதும்.

இதையெல்லாம் ஆப்பே சில நொடிகளில் பார்த்துவிடும். பார்த்து, தமிழில் ஒரு வரி சொல்லட்டும்: "உங்கள் போனில் நெட் இல்லை", "போனின் தேதியைச் சரிசெய்யுங்கள்", "கோளாறு எங்கள் பக்கம், உங்கள் ரிப்போர்ட் பத்திரமாக இருக்கிறது". அந்த மூன்றாவது வரி வந்திருந்தால், அந்தத் திங்கட்கிழமை நான்கு பேர் ஆப்பை அழித்திருக்க மாட்டார்கள். சர்வர் நின்றால் எனக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதினொரு பேருக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

செயலி மாற நாளாகும், புரிகிறது. அதுவரை, சர்வர் கோளாறாலோ சிக்னல் இல்லாமலோ செக்-அவுட் விழாத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று எச்ஆருக்கு நீங்கள் எழுதித் தர வேண்டும். சர்வரின் பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. நான் சொன்னால் சாக்கு என்கிறார்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள். முதலில் அந்த வேளச்சேரிப் பையனின் அரை நாள் சம்பளத்துக்கு எழுதுங்கள். ஜாப் எண்ணும், அவன் தெருவில் நின்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் ஏற்கெனவே அனுப்பிய மெயிலில் இருக்கின்றன.

இப்படிக்கு,
சர்வீஸ் சூப்பர்வைசர், சென்னை