ரிலே மட்டும் போதாது: மோட்டார்ஹோம் பேட்டரி சார்ஜிங் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மோட்டார்ஹோம் (தங்கும் வசதியுள்ள வண்டி) பயணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரே (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) கேபின் பேட்டரியையும் (உள்ளே விளக்கு, மின்விசிறிக்கான தனி பேட்டரி) சார்ஜ் செய்துவிடும், நடுவில் ஒரு ரிலே (தானாகச் சேர்ந்து பிரியும் சுவிட்ச்) போட்டால் போதும் என்று ஒரு வரி இருந்தது. பழைய வண்டி, ஈய-அமில பேட்டரி, நீளம் குறைந்த கேபிள் என்றால் அது சரிதான். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் சரிவராது. லித்தியம் பேட்டரி என்றால் ஆபத்தும் உண்டு. அந்த வரியை நம்பி யாராவது வயர் இழுத்துவிடுவார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஆல்டர்னேட்டர் வண்டி ஓடும் நேரமெல்லாம் 14.2 முதல் 14.4 வோல்ட் வரை தரும். யூரோ 6 என்ற ஐரோப்பிய புகை விதிக் காலத்து வண்டிகளில் இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். இன்ஜினைக் கிளப்பும், முன்பக்கத்து ஸ்டார்ட்டர் பேட்டரி ஓரளவு நிறைந்ததும், எரிபொருளை மிச்சப்படுத்த வண்டியின் கணினி வோல்டேஜை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது 15 வரைகூட ஏற்றும். வோல்டேஜைப் பார்த்து இயங்கும் ரிலே 13.3-இல் சேர்ந்து 12.8-இல் பிரியும் ரகம் என்றால், கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே பிரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கேபின் பேட்டரிக்கு ஒன்றும் வராது. டி-பிளஸ் (இன்ஜின் ஓடுவதைக் காட்டும்) சிக்னலில் இயங்கும் ரிலேயோ பிரியாமலே இருக்கும். அப்போது 12.8 வோல்ட்டில் இருக்கும் கேபின் பேட்டரி, முன்பக்கத்து ஸ்டார்ட்டர் பேட்டரியின் பக்கம் வடிய ஆரம்பிக்கும்.

இதற்குத் தீர்வு டிசி-டிசி சார்ஜர். உள்ளே வருவது 12 வோல்ட்டோ 15 வோல்ட்டோ, பேட்டரியின் ரகத்துக்கு ஏற்ற வோல்டேஜை அது தானே உருவாக்கித் தரும். ஆனால் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் இன்ஜின் ஓடுவதை அதற்குத் தெரிவிக்க, டி-பிளஸ் அல்லது இக்னிஷனிலிருந்து ஒரு மெல்லிய சிக்னல் வயர் அவசியம். இல்லையென்றால் வோல்டேஜ் இறங்கியதும் இன்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து சார்ஜரும் நின்றுவிடும்.

சார்ஜர் வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது கேபிளில். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் வெளியே 14.4 வோல்ட்டில் சுமார் 430 வாட். உள்ளே 12 வோல்ட்தான் வருகிறது, கொஞ்சம் வெப்பமாகவும் வீணாகிறது. ஆக, முன்பக்கத்திலிருந்து சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். முன்னிருந்து பின்னால் 6 மீட்டர் என்றால், போய்வர 12 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் இந்த நீளத்தின் மின்தடை 0.035 ஓம், 40 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12.4 கிளம்பினால் 11 வந்து சேரும். உடனே சார்ஜர் குறைந்த வோல்டேஜ் என்று நிற்கும். கரண்ட் நின்றதும் வோல்டேஜ் ஏறும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். சில விநாடிக்கு ஒருமுறை விளக்கு அணைந்து எரிந்தால், சார்ஜரைக் கழற்றித் திருப்பி அனுப்பும் முன் கேபிளைப் பாருங்கள். இந்த நீளத்துக்கு 16 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, 25 இன்னும் நல்லது. சார்ஜரைக் கேபின் பேட்டரியின் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் கேபிள் உரசி பாடியில் பட்டால் இரு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். மேலே சொன்ன 30 ஆம்பியர் சார்ஜருக்கு உள்வரும் பக்கத்தில் 60 ஆம்பியர். இதில் மட்டும் தயவுசெய்து யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நெகட்டிவை ஸ்டார்ட்டர் பேட்டரியின் முனையில் நேரடியாகப் பூட்டக் கூடாது. அந்த கிளாம்ப்பில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கும். அதைத் தாண்டிப் பூட்டினால் கணினியின் கணக்கு தப்பும். சேசிஸில் (வண்டியின் உலோகச் சட்டம்) எர்த் எடுங்கள். போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை (கேபிள் முனையின் உலோக வளையம்) வைத்து முறுக்கி, அதற்கப்புறம் மேலே துரு தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் வண்டிகளில் பாதிக் கோளாறு இந்த எர்த்தில்தான் இருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை ரிலே வழியாக நேரே இணைப்பது ஏன் தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் உள்மின்தடை மிகக் குறைவு. ஈய பேட்டரி போலத் தானாகக் கரண்டைக் குறைத்துக்கொள்ளாது, கிடைக்கிற அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரின் விசிறி அதன் தண்டிலேயே சுழல்வது; வண்டி நின்று இன்ஜின் ஐடிலில் மெல்ல ஓடினால் காற்றும் குறைவு, சூடு ஏறும். காயிலின் காப்பு கருகும், டயோடு போகும். ஆகவே சார்ஜரின் அளவு ஆல்டர்னேட்டர் திறனில் பாதியைத் தாண்டக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவே கூடாது.

ஈய பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 80 சதவீதம் வரை சார்ஜ் வேகமாக ஏறும், மீதி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரமாகும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் அது நிறையாது. அவ்வப்போது வீட்டு மின்சாரத்திலோ சோலாரிலோ முழுக்க நிரப்பாவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும்.

போட்ட பிறகு சோதிக்க மல்டிமீட்டர் போதும். கேபின் பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது இன்ஜினை 1500 சுற்றில் வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஸ்டார்ட்டர் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை சார்ஜரின் உள்வரும் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் அந்தக் கேபிளில் தொலையும் வோல்டேஜ். பிறகு சார்ஜரின் நெகட்டிவுக்கும் ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அதேபோல. இரண்டில் எதிலாவது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஒவ்வொரு இணைப்பாகக் குறுக்கே அளந்துகொண்டே போனால் சூடாகும் லக் எது என்று பிடிபட்டுவிடும்.

இதே பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிட்டால், கேபிளின் கனத்தையும் இருமுனை ஃபியூஸையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீஷியன் ஒருவர்