சோழிங்கநல்லூர்த் தண்ணீரும் உன் மெஷினும்

மாப்ளே,

உன் கடிதத்தில் பாதி பேரன் புராணம், மீதி, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் எந்தக் கம்பெனியில் வாங்கட்டும் என்ற கேள்வி. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று தங்கச்சி ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாள், உனக்கு முன்னாலேயே. இங்கே சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது, அம்மா எண்பதைத் தாண்டியும் சமையலறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, மகள் திருப்பூரில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். அந்த வீட்டில்தான் நீ கேட்ட விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது, சொல்கிறேன்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது டெமோ காட்டுகிறேன் என்று ஒரு பையன் வந்தான். இரண்டு டம்ளர் கேட்டான். ஒன்றில் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பை எடுத்த தண்ணீர். கம்பிகள் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டான். போர் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே பச்சையும் கறுப்புமாக நுரை கட்டிவிட்டது. அவன் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. மகள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே, "இதையா குழந்தைக்குக் குடுத்துட்டு இருக்கோம்" என்கிறாள். நான் பேசாமல் எழுந்து போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவனுடைய ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுக் கலக்கி, தம்பி, இப்போ கம்பியை இறக்கு என்றேன். தயங்கினான், ஆனால் இறக்கினான். போர் தண்ணீரைவிட வேகமாகப் பழுப்பானது. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு, உப்புக் கலந்த தண்ணீரில் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. தண்ணீரில் இருந்த அழுக்கு ஒன்றும் வெளியே வரவில்லை. பையன் பாவம், அவனுக்கே இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். காபி கொடுத்து அனுப்பினோம்.

உன் வீட்டுக்கு வந்தவன் கம்பி வித்தை காட்டாமல் உப்பை அளக்கும் மீட்டரை மட்டும் வைத்து 1650 என்று காட்டியிருக்கிறான், நீ அரண்டுபோய் எந்தக் கம்பெனி வாங்கட்டும் என்று எனக்கு எழுதுகிறாய். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். அன்றைக்கு உன் குழாயில் வந்தது எந்தத் தண்ணீர்? உங்கள் அபார்ட்மென்ட் சம்ப்பில், அந்தத் தரையடித் தொட்டியில், மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் மூன்றும் விழுகிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய். சோழிங்கநல்லூரில் போர் உப்பாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை, கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கம் வரும் மெட்ரோ தண்ணீரில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவதும் உண்டு, 2013இல் ஒரு ஆலை, 2024இல் இன்னொன்று. அந்த ஆலைகள் வேலை செய்வதே ஆர்.ஓ. முறையில்தான். ஆக, அந்தத் தண்ணீர் மட்டும் வருகிற நாளில் நீ சமையலறையில் ஆர்.ஓ. ஓட்டினால், ஒருமுறை உப்பெடுத்த தண்ணீரில் மறுபடி உப்பெடுக்கக் காசு கொடுக்கிறாய்!

அந்த மீட்டர் காட்டுவது டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. அதையும் நேராக எண்ணுவதில்லை, கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துக் கணித்துச் சொல்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை குடிக்கலாம். 2019இல் பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கிறதா? காரணம், அது துப்புகிற தண்ணீர். வீட்டு மெஷின் பெரும்பாலும் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர மூன்று குடத்தை வெளியே விடும். லாரிக்குக் காசு கொடுத்து வாங்கி அதில் முக்கால்வாசியைச் சாக்கடையில் விடுவது உன்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் வருகிற காரியமா?

இங்கே எங்கள் தெருவுக்கு சிறுவாணி வருகிறது. நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன், நூறுக்கு ரொம்பக் கீழே. இதில் போய் ஆர்.ஓ. மாட்டியிருக்கிறார்கள் பக்கத்து வீட்டில், கேட்டால் எல்லோரும் மாட்டுகிறார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் யு.எஃப். என்கிற வடிகட்டி மட்டும்தான். மெல்லிய குழல் மாதிரி சவ்வுக் கற்றை, கரண்ட் வேண்டாம், கழிவுத் தண்ணீர் கிடையாது, கலங்கலையும் கிருமியையும் பிடித்துவிடும், உப்பைத் தொடாது. அதற்கு மேல் அம்மா கொதிக்கவைத்து ஆறவைத்துப் பானையில் ஊற்றித்தான் குடிப்பாள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. யு.வி. என்கிற புற ஊதாக் கதிர் விளக்கும் அப்படித்தான், கிருமியை மட்டும் கொல்லும், அதுவும் தண்ணீர் தெளிவாக இருந்தால்.

உனக்கு போர் தண்ணீர் 1600க்கு மேல் என்பது உண்மையானால் ஆர்.ஓ. தேவைதான், அதில் நான் மறுப்புச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ உப்புக் கரிக்கும், தங்கச்சி குக்கரின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும், இல்லையா? வாங்கும்போது டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கிறது, தண்ணீருக்கு ருசி வரும் என்பார்கள். அது செய்வது, ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து நல்ல தண்ணீரில் கலப்பது. வெறும் உப்புத் தண்ணீர் என்றால் பரவாயில்லை. ஆனால் போரில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால் அதுவும் சேர்ந்துதான் கலக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தானே. ஃபுளோரைடு நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, மீட்டரும் தனியாகப் பிரித்துச் சொல்லாது.

அதனால் ஒருமுறை லேபில் கொடுத்துப் பார்த்துவிடு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர் சோதிப்பார்கள், குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் லேப் இருக்கிறது. கிருமி பார்க்க வேண்டுமென்றால் நீ பாட்டுக்கு வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதே, சுத்தம் செய்த பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொள். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, சாக்கடைக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கோலிபார்ம் கிருமி, இவ்வளவு போதும். மழைக்காலத்தில் சாக்கடை கசிந்து சம்ப்பில் கலப்பதுதான் உங்கள் பக்கத்தில் எனக்கு உப்பைவிடப் பெரிய பயம். சம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று அசோசியேஷனில் கேட்டுவிட்டு எழுது, பதில் வருகிறதா பார்ப்போம்.

காப்பர், ஆல்கலைன், ஜிங்க் என்று மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கெல்லாம் காசு கொடுக்காதே. பணத்தை விழுங்குவது ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், அதைத்தான் உட்கார்ந்து படிக்கணும். ஆர்.ஓ. சவ்வு அதில் சேருமா சேராதா, மற்ற ஃபில்டர்கள் வருஷத்துக்கு எத்தனை முறை, உன் ஏரியாவில் மெக்கானிக் இருக்கிறானா, அவன் போன் எடுப்பானா. உங்கள் பிளாக்கில் யார் வீட்டில் எந்த மெஷின் மூன்று வருஷமாக ஓடுகிறதோ, அவர் சொல்வது விளம்பரத்தைவிட மேல். 2000 டி.டி.எஸ். வரை என்றுதான் பெரும்பாலான வீட்டு மெஷின்களில் போட்டிருக்கும், கோடையில் உன் போர் அதைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்.

கழிவுக் குழாயை ஸிங்க்கில் விடாமல் ஒரு டிரம்மில் விடச் சொல். கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் ஆகும். தங்கச்சியின் கறிவேப்பிலைத் தொட்டிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே 1650 போனால் வெளியே வருவது 2000ஐத் தாண்டும், செடி கருகும், அப்புறம் பழி என்மேல் விழும்.

இப்போதைக்கு ஒரு மீட்டர் வாங்கிக்கொள், சில நூறு ரூபாய்தான். லாரி வந்த அன்றைக்கு ஒருதரம், போர் மட்டும் ஓடுகிற அன்றைக்கு ஒருதரம், மெட்ரோ விட்ட அன்றைக்கு ஒருதரம் அளந்து குறித்து அனுப்பு. அதுவரை கேன் தண்ணீரே ஓடட்டும், டெமோக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. தை பிறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சென்னைக்கு வருகிறோம், மச்சினன் வீட்டு விசேஷம். உன் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாக உத்தேசம். ஆமாம், கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா இல்லையா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அன்புடன்,
உன் மாப்ளே