அந்த மண்வெட்டி யாருடையது?

ஊராருக்கு வணக்கம்.

"எங்கள் ஊர்" என்று எழுத இப்போதுதான் கை துணிகிறது. வீடு பார்க்க வந்த அன்று ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இதுவா பொங்கும் என்று நாங்கள் சிரித்தோம். கூட நின்ற யாரும் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளம் வந்த நாளில் இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. பாலத்துத் தூணில் இருக்கும் அளவுகோடுகளைக் காலையும் மாலையும் பார்த்துவரும் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். "நேத்து மேல பெஞ்சது இன்னிக்கு ராத்திரி இங்க வரும். வண்டிய மேட்டுல ஏத்திடுங்க" என்றார். ஏற்றினோம். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்னக் காரை மிதக்க வைத்துவிடும், 15 செ.மீ. போதும் ஆளைச் சாய்க்க என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஐயா, அன்று உங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மன்னியுங்கள்.

ஆற்றைப் பார்த்த வாசலில் நாங்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கொல்லைப்புறமாக உள்ளே வந்துகொண்டிருந்தது! எதிர்வீட்டு அக்கா சத்தம் போட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தோம். கரை தாண்டும் ஒவ்வொரு வெள்ளமும் கனத்த மணலைக் கரையோரத்திலேயே இறக்கிவிட்டுப் போகிறது. அதனால் ஆற்றை ஒட்டிய இடம் மேடு, பின்தெரு பள்ளம். போதாததற்கு மழைநீர் வடிகால் வழியாக ஆறு எதிர்த்து ஏறிவிடும். இதை அக்கா விளக்கியது மறுநாள். அன்றிரவு அவர் பேசவில்லை. மகன்களோடு வந்து எங்கள் அரிசி மூட்டையையும் பத்திரப் பெட்டியையும் மாடியில் ஏற்றிவிட்டுத்தான் தன் வீட்டைப் பார்க்கப் போனார். அக்கா வீட்டில் கட்டில் நனைந்தது எங்களால்தான்.

வெள்ளம் வடிந்ததும் நிலவறையில் நின்ற தண்ணீரை ஒரே மூச்சில் இறைத்துவிட மோட்டாரைப் போட்டேன். தெருவில் போன கொத்தனார் ஓடிவந்து நிறுத்தினார். வெளியே மண் இன்னும் ஊறிக் கிடக்கிறது, உள்ளே சட்டென்று காலியானால் அந்தப் பாரம் சுவரை உள்ளே தள்ளிவிடும் என்றார். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைத்தோம். சுவர் நிற்கிறது.

நிவாரணப் படிவம் நிரப்பிய கதையை விட்டுவிடுகிறேன். அதில் நன்றி சொல்ல ஆளில்லை.

சேறு காய்ந்தால் கல்லாகிவிடும் என்று விடியும் முன்பே வந்து அள்ளிய இளைஞர்களே, உங்களில் பாதிப் பேரின் பெயர் இன்னும் எங்களுக்குத் தெரியாது. ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம்தான் மணல்திட்டு என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்த மீன்காரத் தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இப்போது அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் எங்களுக்கு நடத்துகிறார்கள்.

ஒரு மண்வெட்டி எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். கழுவித் துடைத்துத் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறோம். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை உட்காரச் சொல்வோம்.