ஊர்ப் புறம்போக்கு பறிபோவது முன்சீப் கோர்ட்டில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்கிரமிப்பை அகற்றப் போன அதிகாரிகள் "கோர்ட்டில் தடை இருக்கிறது" என்று திரும்பி வந்தார்கள் என்ற செய்தி உங்கள் மாவட்டப் பக்கத்தில் மாதம் தவறாமல் வருகிறது. படிக்கிறவர்கள் நீதிமன்றத்தைத் திட்டுகிறார்கள், இல்லாவிட்டால் அதிகாரி காசு வாங்கிவிட்டார் என்கிறார்கள். அந்தத் தடை எப்படி வந்தது, அன்றைக்கு ஊர் சார்பில் யார் போய் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் நிருபர்களும் கேட்பதில்லை. உள்ளாட்சிகளுக்கு வழக்கு நடத்துவதும் சட்ட ஆலோசனை சொல்வதுமாகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நகராட்சி, பேரூராட்சி என்றால் அதற்கென்று ஒரு வக்கீல் இருப்பார். ஸ்டாண்டிங் கவுன்சில் என்போம். சொத்துத் தகராறு போன்ற சிவில் வழக்குகளை விசாரிக்கும் முன்சீப் கோர்ட்டில் ஊரின் சொத்துக்காக வாதாடுவதும் அவர்தான், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சுகாதாரக் கேடு, விதிமீறல் என்று உள்ளாட்சி போடும் வழக்குகளை நடத்துவதும் அவர்தான், கோப்புகளுக்குச் சட்டக் கருத்து எழுதித் தருவதும் அவர்தான். பல ஊராட்சிகளுக்கு அப்படி ஒருவர்கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டத்தின் 134-வது பிரிவு மேய்ச்சல் தரை, களத்துமேடு, சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பேட்டை, தோப்பு என்று ஊருக்குப் பொதுவான புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. அத்தனை சொத்துக்கும் சம்மன் வந்தால் வாங்கி வைப்பவர் ஊராட்சிச் செயலர். அவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது அந்தத் தடை வரும் வழியைச் சொல்கிறேன். புறம்போக்கை வளைத்தவர் "இது என் அனுபவத்தில் இருக்கிறது, என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று உறுத்துக் கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்டு வழக்குப் போடுகிறார். பிரதிவாதி பேரூராட்சி மட்டும். நிலம் அரசுடையது, ஆனால் கலெக்டரும் தாசில்தாரும் வழக்கில் இருக்க மாட்டார்கள். காரணம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு. அரசைச் சேர்த்தால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வழக்குப் போட முடியும். அவசரம் என்று அனுமதி வாங்கிப் போட்டாலும் அரசுத் தரப்பின் பதிலுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் இடைக்காலத் தடைகூடக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் அரசை விட்டுவிட்டு உள்ளாட்சியை மட்டும் பிடிக்கிறார்கள். இதைப் பார்த்த உடனே "அரசைச் சேர்க்காத வழக்கு நிற்காது" என்று எதிருரையில், அதாவது வழக்குக்கு எழுதித் தாக்கல் செய்யும் பதிலில், முதல் வரியாக எழுத வேண்டும், கூடவே நிலம் எந்த வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேடும் புல வரைபடமும் போட வேண்டும். எதிருரைக்கு 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள். ஆனால் நடப்பது என்ன? சம்மன் தபால் பிரிவில் கிடக்கும், அங்கிருந்து நகரமைப்புப் பிரிவுக்குப் போகும், "பாராவாரியாகக் குறிப்பு தாருங்கள்" என்று வக்கீல் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார், வாய்தா மேல் வாய்தா வாங்கி ஒருநாள் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உள்ளாட்சித் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பாகிவிடும்.

அந்தத் தீர்ப்பாணையை, டிகிரி என்போம், ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். அதற்குப் பிறகு தாமதத்தை மன்னிக்கும் மனு. அரசு இயந்திரம் மெதுவாகத்தான் நகரும் என்ற பழைய சமாதானத்தை லிவிங் மீடியா வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. அரசு வழக்கில் இல்லாததால் அந்த எக்ஸ்பார்ட்டி டிகிரி அரசைக் கட்டுப்படுத்தாது என்பது சட்டப்படி சரிதான். ஆனால் அந்த டிகிரியைக் காட்டி மின் இணைப்பு வாங்கி, வீட்டு வரி போட்டு, இன்னொருவருக்கு விற்றும் விட்ட பிறகு, இருபது வருடம் கழித்து ஒரு தாசில்தார் வந்து அதை மீட்பார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

குற்ற வழக்குகளின் கதை இன்னும் மோசம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு 6 மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும் என்பது பொது விதி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 514. நோட்டீஸ், நினைவூட்டல் நோட்டீஸ், இறுதி நோட்டீஸ் என்று அனுப்பிக்கொண்டே அந்த 6 மாதத்தையும் அலுவலகத்திலேயே முடித்துவிட்டுத்தான் கோப்பு வக்கீலிடம் வரும். சரி, நேரத்துக்குள் தாக்கல் செய்தாலும், புகார்தாரராகக் கையெழுத்துப் போட்ட சுகாதார ஆய்வாளர் வேறு ஊருக்கு மாறியிருப்பார், புதியவர் "இது என் காலத்து வழக்கு இல்லை" என்று வர மாட்டார். புகார்தாரர் வராவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. புதிய சட்டத்தின் 279-வது பிரிவு புகார்தாரர் வருவதற்கு 30 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது, வக்கீல் ஆஜரானால் புகார்தாரர் வராததை நீதிபதி மன்னிக்கவும் முடியும். ஆனால் வாய்தா தேதியை வக்கீலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இதெல்லாம் பலன் தரும். அப்படி ஒரு ஆள் பெரும்பாலான அலுவலகங்களில் இல்லை.

வக்கீல் வேலையில் ஆலோசனை என்ற பாதியைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். அதிகாரிகள் வக்கீலுக்குப் போன் செய்வது கட்டிடத்தை இடித்த பிறகு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகளுக்கு விதிகள் வகுத்தது: குறைந்தது 15 நாள் நோட்டீஸ், அதைப் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும், கட்டிடத்திலும் ஒட்ட வேண்டும், மீறினால் சேதத்தை அதிகாரியே தன் கைப்பணத்தில் சரிசெய்ய நேரும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியில்லாமல் கட்டியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எது எந்த வகை என்று முடிவு செய்யும் இடத்தில்தான் சட்ட ஆலோசகர் தேவை. குளத்துக் கரையில் இருப்பதைத் தயங்கித் தயங்கி விட்டுவிட்டு, பட்டா நிலத்தில் சுவர் சற்று நீண்டுவிட்ட ஏழை வீட்டை ஒரே நாளில் இடிக்கிறார்கள். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கும் அன்றைக்கே நீதிமன்றத்தில் ஒரு கேவியட், அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு, போட்டுவைத்தால் 90 நாளைக்கு உள்ளாட்சிக்குத் தகவல் சொல்லாமல் தடை வாங்குவது கடினம். செலவும் பெரிதாக இல்லை. இதைக்கூடச் செய்வதில்லை.

வக்கீல்கள் பக்கமும் பேசத்தான் வேண்டும். ஆட்சி மாறினால் வக்கீலும் மாறுகிறார், வழக்குக் கட்டுகள் கைமாறும்போது பாதி ஆவணம் காணாமல் போகிறது. கட்சிக்காரர் என்பதற்காக மட்டும் நியமிக்கப்பட்டவர் அதே கட்சியின் கவுன்சிலர் வளைத்த இடத்துக்கு எதிராக எப்படி வாதாடுவார்? அரசு வழக்கறிஞர் நியமனம் வெளிப்படையாக, தகுதி பார்த்து நடக்க வேண்டும் என்று பஞ்சாப் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உள்ளாட்சிகளுக்கும் பொருந்தட்டும். அதே நேரம், வழக்குக்கு இவ்வளவு என்று பழைய காலத்தில் நிர்ணயித்த கட்டணத்தை, அதையும் வருடக் கணக்கில் பாக்கி வைத்துவிட்டு, நல்ல வக்கீல் ஏன் வரவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. இளம் வக்கீல்கள் ஆர்வமாக வந்து, பில் பாஸ் ஆகாமல் ஒதுங்கிப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. மன்றக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் நிலுவை வழக்குகளின் பட்டியலை வைக்கட்டும்: வழக்கு எண், எந்த நீதிமன்றம், எந்த சர்வே எண், எதிருரை போட்டாயிற்றா, அடுத்த தேதி என்ன. அதை அலுவலகப் பலகையிலும் ஒட்டட்டும். ஊராட்சிகளுக்கு ஒன்றிய அளவில் ஒரு வக்கீலும், தேதிகளைப் பார்க்க ஓர் எழுத்தரும் போதும்.

அதுவரை வாசகர்கள் காத்திருக்கத் தேவையில்லை. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் ஊர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, தரப்பினர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பேரூராட்சி அல்லது ஊராட்சியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். என்ன வழக்கு, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று வரும். எதிருரை இன்னும் போடவில்லை என்று தெரிந்தால் அந்தத் தேதியை உங்கள் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள், தாசில்தாருக்கும் ஒரு மனு கொடுங்கள். அரசும் தன்னை அந்த வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போட முடியும்.

இப்படிக்கு,
உள்ளாட்சிகளுக்காக வழக்காடிய ஒரு வழக்கறிஞர்