பெயரில்லாத ஆம்ப்ளிஃபயர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் சுகம்தானே? பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. அதை விடு, ஒரு பெரிய சேதி இருக்கிறது.

நாம் வேலை பார்த்த அண்ணாச்சியின் ரேடியோ கடையை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பரணில் கிழிந்த சாக்குக்கு அடியில் கண்ணாடி வால்வு போட்டு ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடந்தது. தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. முகப்பில் மூன்று குமிழ், ஒரு பைலட் விளக்கு, அவ்வளவுதான். கம்பெனி பெயர் இல்லை, நம்பர் இல்லை, பெயர்ப்பலகை அடித்த ஆணித்துளைகூட இல்லை. அண்ணாச்சியின் மகன் "எடைக்குப் போடப்போறேன், வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார். பதினைந்து நாளாக அது என் மேஜைமேல்தான் இருக்கிறது.

பெரிய வால்வு இரண்டும் அதிலேயே இருந்தன. எழுத்தெல்லாம் அழிந்து வெறும் கண்ணாடி. அண்ணாச்சி சொல்லித் தந்தபடி வாயைக் குவித்து ஆவி ஊதினேன். பனி படர்ந்த மாதிரி வெளுத்து, அதற்குள் கம்பெனி பெயரும் வால்வு வகையும் தெரிந்தது: முல்லார்ட், இஎல்34. கண்ணாடியின் அடியோரத்தில் சாம்பல் நிறத்தில் பொறித்த இரண்டு வரியும் அழியாமல் இருந்தது. மேலே எக்ஸ்எஃப்2, கீழே பி4எஃப்3. பி என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. 4 வருஷத்தின் கடைசி எண், எஃப் ஆறாவது மாதம், 3 மூன்றாவது வாரம். எக்ஸ்எஃப்2 அறுபதுகளுக்கு உரியது. ஆக 1964 ஜூன். பெட்டியும் அந்த வருஷத்ததுதான் என்று அன்று ராத்திரி நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் அது தப்பு என்று தெரிந்தது.

கண்டன்சர்கள் காய்ந்து கிடந்ததால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வின் சாக்கெட்டைக் காலியாகவே விட்டு, 60 வாட் பல்பை சீரிஸில் போட்டு கரண்ட் கொடுத்தேன். ஷார்ட் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பல்பை எடுத்துவிட்டேன். காலி சாக்கெட்டின் 2, 8 பின்களில் 5 வோல்ட் வந்தது. சரி. ஆனால் பெரிய வால்வுகளைச் சூடாக்கும் இழையான ஹீட்டரில் 6.3 வரவேண்டிய இடத்தில் 5.8தான். அரைமணி நேரத்தில் மெயின் டிரான்ஸ்பார்மர்மேல் கை வைக்க முடியவில்லை, மெழுகு உருகும் வாசனை வேறு. ஒரு இஎல்34 ஹீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர். இரண்டுக்கு மூன்று. இந்த டிரான்ஸ்பார்மர் அதற்குச் சுற்றப்பட்டதில்லை.

சேசிஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒயர் எல்லாம் நூல் சுற்றிய பழைய ஒயர், பழுப்பேறியது. இரண்டு பவர் சாக்கெட்டில் மட்டும் 1க்கும் 8க்கும் நடுவே சின்னதாக நீலப் பிளாஸ்டிக் ஒயர். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இஎல்34க்குத்தான் அந்த இணைப்பு வேண்டும். அதன் உள்ளே இருக்கும் மூன்றாவது கம்பிவலை, அதாவது கிரிட், 1ஆம் பின்னில் தனியாக வருகிறது, அதை 8ஆம் பின்னில் இருக்கும் கேதோடோடு சேர்க்க வேண்டும். இன்னொரு வகைப் பவர் வால்வான 6எல்6க்கு அது தேவையே இல்லை. மற்ற முக்கியமான பின் எல்லாம் இரண்டுக்கும் ஒரே இடம். அப்படியானால் பிறந்தபோது இது 6எல்6 செட், பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான் கடைசி சாட்சி. ஸ்பீக்கர் பக்கக் கடைசி முனைக்கு 6.3 வோல்ட் ஏசி கொடுத்தேன். நடு முனைகளில் 4.45, 3.15 வந்தது. 16, 8, 4 ஓம் என்று அர்த்தம். வால்வுகள் இணையும் பிளேட் பக்கம் அளந்தால் 128 வோல்ட். விகிதம் சுமார் 20.3. அதன் வர்க்கத்தை 16ஆல் பெருக்கினால் 6600 ஓம். 6எல்6 ஜோடிக்கு ஆர்சிஏ கம்பெனி கொடுத்த கணக்கில் 360 வோல்ட்டுக்கு அச்சாக இதே 6600தான், 26.5 வாட். இஎல்34 ஜோடிக்கு இதில் பாதிதான் போடுவார்கள். வால்வை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் மாப்ளே. டிரான்ஸ்பார்மரைச் சுற்றுகிறவன் எந்த வால்வை மனதில் வைத்துச் சுற்றினானோ அது அப்படியே அதற்குள் இருக்கிறது.

இன்னும் கேள். அதே டிரான்ஸ்பார்மரில் தகடு இரையாமல் இருக்க ஓரத்தில் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. இடுக்கியால் மெல்ல உருவினேன். தினசரி காலண்டர் தாள், பாதிதான். இங்கிலீஷ் தேதி கிழிந்துபோயிருந்தது. மீதியில் "விளம்பி வருஷம், மாசி" என்று இருந்தது. விளம்பி என்றால் 1958-59. மாசி என்றால் 1959 பிப்ரவரி, மார்ச். வால்வு பிறக்க இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது!

எந்தக் கம்பெனியும் செய்ததில்லை என்பது எனக்கு இப்போது உறுதி. சாக்கெட் துளைகள் அரத்தால் ராவி வட்டமாக்கியவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒவ்வொரு ரெசிஸ்டரின் காலும் டேக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்பிறகே ஈயம் வைத்திருக்கிறது. "ஈயம் பிடிக்கிறதுக்கு முன்னாடி கம்பி பிடிக்கணும்லே" என்று நம் தலையில் குட்டியது யார்? கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருவிழா புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மூன்று தெருவுக்கும் கேட்க வைத்தவரின் சொந்தக் கைவேலை இது. ஒரு நாள்கூட "நான் செஞ்சது" என்று நம்மிடம் அவர் சொன்னதில்லை.

நல்ல 6எல்6 ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டன்சர் எல்லாம் மாற்றி, 16 ஓம் குழாயைக் கட்டி ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் கடையைவிட்டு வேறு வேலைக்குப் போன பிறகும் நீ இரண்டு வருஷம் அங்கே இருந்தாய். 6எல்6 கிடைக்காத ஏதோ ஒரு கொடை சமயத்தில், அலமாரியில் இருந்த இஎல்34ஐப் போட்டுச் சமாளித்தீர்களா? அந்த நீல ஒயர் அண்ணாச்சி வைத்ததில்லை. ஒரே சுற்றுதான் சுற்றியிருக்கிறது. உன் கையா? யோசித்து எழுது. உன் பதில் வரும்வரை அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி